வசனத்தாள் கரைத்த மழைக்காலம்

கட்டிலுக்கு அடியில் தகரப்பெட்டி இருந்த வீட்டுப் பிள்ளைகளெல்லாம் கொஞ்சம் இப்படி வந்து உட்காருங்கள். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது நமக்கு. முட்டி வலிக்கு எந்தத் தைலம் நல்லது, யார் பிள்ளை கனடாவுக்குப் போயிருக்கிறது என்று பேசியே பொழுது போய்விடுகிறது. இன்றைக்கு ஒரு நாள் குப்பையைப் பற்றிப் பேசுவோம். முகத்தைச் சுளிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த மிகப் பெரிய மனுஷியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் குப்பையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தகரப்பெட்டியில் என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியும். வசனத்தாள். நாளுக்கொரு வேதவசனம் அச்சடித்த காலண்டரில் கிழித்த தாள்கள், புதுவருஷ ஆராதனையில் ஆளுக்கொன்றாய்த் தருகிற வாக்குத்தத்த அட்டைகள், சபைப் பத்திரிகை, கன்வென்ஷன் நோட்டீஸ், அட்டை போன பாட்டுப் புத்தகம். கடவுளுடைய வார்த்தை அச்சான தாளைக் குப்பையில் போடக்கூடாது, எரிக்கக்கூடாது, காலில் மிதிபடவும் கூடாது. சரி, பிறகு என்னதான் செய்வது? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால் பெட்டியில் போட்டார்கள். பெட்டி நிறைந்ததும் இன்னொரு பெட்டி வாங்கினார்கள். எங்கள் வீட்டில் உடுதுணி வைக்க இடமில்லாமல் கொடியில் தொங்கும், வசனத்தாளுக்கு மட்டும் தனிப்பெட்டி. கரையான் அரித்தால் அது கரையான் செய்த பாவம், நம் தலையில் விழாது என்று பெரியவர்களுக்கு ஒரு நிம்மதி.

அதே கட்டிலில், மெத்தைக்கு அடியில் இன்னொரு புதையல் இருந்தது. கல்ஃபிலிருந்து வந்த சித்தப்பா கொண்டுவந்த பிளாஸ்டிக் கவர்கள். வழுவழுவென்று, ஒட்டகமும் விமானமும் படம் போட்டவை. அம்மா அவற்றை மடிப்புக் கலையாமல் வைத்திருந்து கல்யாண வீட்டுக்குப் போகும்போது மட்டும் வெளியே எடுப்பாள். அந்த வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது, சென்ட்டும் புது ரப்பரும் கலந்த வாசனை. பிறகு ஜங்ஷன் கடைகளில் எல்லாவற்றுக்கும் கவர் கொடுக்க ஆரம்பித்தார்கள். உப்புக்கு ஒரு கவர், மீனுக்கு ஒரு கவர், கடைசியில் டீயையே கவரில் கட்டிக் கொடுத்தார்கள். மெத்தைக்கு அடியில் இருந்தது தெருவுக்கு வந்தது. தெருவில் இருந்தது சானலுக்கு வந்தது.

சானல் என்றால் எங்கள் ஊரை அறுத்துக்கொண்டு ஓடும் பாசன வாய்க்கால். தக்கலைக்கும் குளச்சலுக்கும் நடுவே இருக்கிற ஊர் எங்களுடையது. அந்தச் சானல் கரையில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்துத்தான் என் மாமாவும் மாமியும் குடியிருந்தார்கள். மாமா, அம்மாவின் தம்பி, மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேலை. மாமி குளச்சல் கடற்கரைப் பெண், மீன்பிடிக்கிற குடும்பம், கத்தோலிக்கர்கள். நாங்கள் வெள்ளைக்காரப் பாதிரி கட்டிய ஆலயத்துச் சபைக்காரர்கள். இரண்டு பேரும் கும்பிடுவது ஒரே இயேசுவைத்தான். ஆனாலும் பெண் எடுப்பது, கொடுப்பது என்று வந்தால் நடுவில் பெருங்கடலே கிடந்தது. மற்றக் காரணங்களை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருவரும் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டார்கள். மாமியின் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அம்மா ஒருத்திதான் அந்த வீட்டுக்குப் போய்வந்தாள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நானும் போவேன்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது மாமிக்குப் பெண் பிறந்தது. மாமி எங்கள் சபையில் சேர்ந்திருந்தாள். பிள்ளைக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அதற்கு ஒரு ஞானத்தாய் வேண்டும். பீடத்துக்கு முன்னால் பிள்ளையைக் கையில் ஏந்தி, இதைக் கடவுளுக்கு ஏற்றபடி வளர்க்க நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுக்கிறவள். அம்மா உடனே சரி என்றாள். மாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

“நீங்க எடுப்பிய மைனி, அது எனக்குத் தெரியும். நீங்க எடுத்தா வீட்டோட முடிஞ்சுபோவும். இந்த ஊருல ஒருத்தி எம்பிள்ளைய ஏந்தணும். நாளைக்கு இவ பள்ளிக்கூடம் போவா, சபைக்குப் போவா. நம்ம பிள்ளைன்னு சொல்லதுக்கு ஊருல ஒரு ஆளு வேண்டாமா?”

அந்த ஒரு ஆளைத் தேடித்தான் மாமி வீடு வீடாகப் போனாள். ஒருத்திக்கு இடுப்பு வலி. ஒருத்தி, மருமகளுக்குப் பிரசவ நேரம், ஊரில் இருப்பேனோ என்னவோ என்றாள். பெண்கள் சங்கத் தலைவியிடமும் கேட்டாள். அவர் எங்கள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, ஊரே டீச்சரம்மா என்றுதான் சொல்லும். பாதி ஊருக்கு அட்சரம் சொல்லிக் கொடுத்தவர், மீதி ஊரைக் காது திருகியவர். மாமியின் முகத்தைப் பார்க்காமல் என் அம்மாவைப் பார்த்து, “அந்தப் பிள்ளைட்ட பாப்போம்னு சொல்லு” என்றார். அந்தப் பிள்ளை பக்கத்திலேயேதான் நின்றாள். டீச்சரம்மா பாப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். பரீட்சைத் தாளில் மார்க் கூட்டிக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

அந்த ஐப்பசியில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஒருநாள் காலையில் சானல் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் போகாமல் எதிர்த்துக்கொண்டு வீடுகளுக்குள் ஏறியது. மாமி வீட்டு அடுப்பு மிதந்தது. சிறு பாலத்தின் வாய் அடைத்திருந்தது. ஆண்கள் குடை பிடித்துக்கொண்டு பாலத்தின் மேல் நின்று, இது பஞ்சாயத்து பார்க்க வேண்டிய வேலையா, பொதுப்பணித்துறை பார்க்க வேண்டிய வேலையா என்று ரொம்பத் தீவிரமாக வாதாடினார்கள். மாமி பிள்ளையை அம்மா கையில் கொடுத்தாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், இறங்கிவிட்டாள். மார்பளவு கலங்கல் தண்ணீரில் நின்றுகொண்டு கையால் இழுத்து இழுத்துக் கரையில் எறிந்தாள். கவர், பால் கவர், அறுந்த செருப்பு, எண்ணெய் டப்பா, கூழாய்ப் போன நோட்டுப் புத்தகம், மறுபடியும் கவர். கடைசியில் ஒரு பெரிய சுருணையைப் பிடுங்கியதும் தண்ணீர் குபுகுபுவென்று அந்தப் பக்கம் பாய்ந்தது.

“கடல்காரிதானே, வெள்ளத்துல நிக்கதுக்குப் பயப்படுவாளா” என்று ஒரு குடை சொன்னது. பாராட்டுகிறாரா பழிக்கிறாரா என்று அன்று எனக்குப் புரியவில்லை. இன்று நன்றாகவே புரிகிறது.

இழுத்துப் போட்ட குவியலை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். மாமி விடவில்லை. சாக்கில் அள்ளினாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “இந்தச் சவத்துக் குப்பைய எதுக்குட்டி வீட்டுக்குக் கொண்டு போற?”

“இஞ்ச கெடந்தா அடுத்த மழைக்கு இதுக்குள்ளதான் வரும் மைனி. இல்லைன்னா கடலுக்குப் போவும். எனக்க அப்பன் வலை இழுத்தா பாதி மீனு, பாதி கவரு. எங்கிருந்துடா வருதுன்னு திட்டிக்கிட்டே கெடப்பாரு. இங்க இருந்துதான் போயிருக்கு.”

மறுநாள் வெயில் எட்டிப் பார்த்தது. மாமி வீட்டுக் கொடியில் ஒரு துணி இல்லை. முழுக்கக் கவர்கள். கழுவி, உள்பக்கம் வெளியே திருப்பி, கிளிப் மாட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். சிவப்பு, நீலம், வெள்ளை. காற்றடித்தபோது அவ்வளவும் உப்பிக்கொண்டு சடசடவென்று அடித்தன. நானும் சானல்கரைப் பிள்ளைகளும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கிறிஸ்துமஸ் தோரணம் சீக்கிரமே கட்டிவிட்டார்கள் என்று ஒரு பயல் சொன்னான்.

“அழுக்கோட கெடந்தாதான் மக்கா குப்பை. கழுவிக் காயவச்சா ஆக்கர்காரரு எடுத்துக்கிடுவாரு. உருக்கி வாளி செய்வாவளாம்” என்று மாமி சொன்னாள். ஆக்கர் என்றால் பழைய சாமான் எடுக்கிற கடை, வெளியூர் வாசகர்கள் யாராவது இருந்தால் தெரிந்துகொள்ளட்டும். குளச்சலிலிருந்து வந்து ஜங்ஷனில் கடை போட்டிருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் அவர். பழைய பாத்திரத்துக்குப் பேரீச்சம்பழம் தருவார். அதனால் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் மீது தனி மரியாதை.

அதன் பிறகு மாமி ஞானத்தாய் கேட்கப் போகிற வீட்டிலெல்லாம் கவரும் கேட்டாள். கிழிந்த கவர், பால் கவர், உடைந்த குடம், பழைய தாள், எல்லாம். ஊரில் அவளுக்குப் பெயரே மாறிவிட்டது. கவர்க்காரி. அம்மாவால் தாங்க முடியவில்லை.

“ஏட்டி, உனக்க பிள்ளைக்கு ஞானத்தாய் கேட்டுப் போவச் சொன்னா நீ குப்பை கேட்டுப் போற. உள்ள மானமும் போவுது.”

“ரெண்டும்தான் கேக்குதேன் மைனி. ஒண்ணாவது தரட்டும்.”

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு மாமியை ஏன் அவ்வளவு பிடிக்கும் என்று கேட்டால் இந்தப் பதிலைத்தான் காட்டுவேன்.

நம் சபையில் பிடியரிசி வழக்கம் இருந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு வேளையும் உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்து, மாதம் ஒரு ஞாயிறு ஆலயத்துக்குக் கொண்டு வருவார்கள். அதே ஞாயிறு, அதே கையோடு, வீட்டில் சேர்ந்த கவரையும் தாளையும் கொண்டுவந்தால் என்ன என்று மாமி பெண்கள் சங்கத்தில் எழுந்து நின்று கேட்டுவிட்டாள். அரிசிப்பானைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு, அவ்வளவுதான். டீச்சரம்மா பாப்போம் என்று வாயெடுப்பதற்குள் போதகர் நல்ல யோசனை என்று சொல்லிவிட்டார். ஆகவே சபை மண்டபத்தின் பின்தாழ்வாரம் கிடைத்தது.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். பெண்கள் கவரைக் கொஞ்சமாகத்தான் கொண்டு வந்தார்கள். ஆனால் தாள்! பெட்டி பெட்டியாக வந்தது. தலையில் சுமந்து வந்தார்கள். எங்கள் அம்மாவும் பெட்டியைக் காலி செய்தாள். டீச்சரம்மா வீட்டிலிருந்து ஆள் வைத்து அனுப்பினார். தாழ்வாரம் நிறைந்துவிட்டது. மாமிக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

“பாத்தியளா மைனி? இவியளுக்கு எம்மேல நம்பிக்கை வந்திட்டு.”

அங்கேதான் கோளாறு. ஆலயத்து மண்டபத்தில் தாள் சேர்க்கிறார்கள் என்றதும், இத்தனை வருஷமாக வீட்டில் வைத்து விழித்துக்கொண்டிருந்த வசனத்தாளுக்கு ஒரு வழி பிறந்துவிட்டது என்று அத்தனை பேரும் நினைத்தார்கள். ஆலயத்துக்குப் போனால் ஆலயம் பார்த்துக்கொள்ளும். எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமியோ காலண்டர் தாளைப் பெட்டியில் பூட்டிவைக்கும் வீட்டில் வளர்ந்தவள் இல்லை. அவளுக்குத் தாள் என்றால் தாள். இவர்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை, அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெரியவர்கள் செய்கிற தப்பெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது, இப்போது யோசித்தால்.

நாங்கள் பிள்ளைகள் வாரம் முழுக்கப் பள்ளிவிட்டு வந்து பிரித்தோம். புளித்த பால் வாடை, ரசகற்பூர வாடை, பெட்டித் துரு வாடை. ஜரிகைத்தூள் உதிர்கிற கல்யாணக் கார்டுகளை நான் திருடி வைத்துக்கொண்டேன். கரையான் அரித்த தாள்கள் தொட்டதும் பொடிந்தன. கவர் ஒரு சாக்கு, கனமான பிளாஸ்டிக் ஒரு சாக்கு, தாள் மட்டும் மலை. ஆக்கர்காரர் சைக்கிளில் நாலைந்து நடை வந்து எடுத்துப் போனார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், ஆலயத்தில் மணியடிக்கிற கோயில்பிள்ளை ஜங்ஷன் டீக்கடையில் ஏத்தம்பழ பஜ்ஜி வாங்கியிருக்கிறார். தின்று முடித்துவிட்டுத்தான் தாளைப் பார்த்திருக்கிறார். கடவுள் உன்னைக் காப்பார் என்கிற வசனம், எண்ணெயில் ஊறிப் பளபளவென்று. அவர் அலறிக்கொண்டு டீச்சரம்மா வீட்டுக்கு ஓடினார். கடைக்குள் எட்டிப் பார்த்தால் பஜ்ஜிக் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் ஒரு அடுக்கு வசனம் கம்பியில் குத்தித் தொங்கிக்கொண்டிருந்ததாம். ஆக்கர் கடையிலிருந்து டீக்கடைக்காரர் எப்போதும் போல எடைக்கு வாங்கியது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சங்கம் கூடியது. அந்த எண்ணெய்த் தாளை ஒரு தட்டில் வைத்திருந்தார்கள், பிரேதப் பரிசோதனைக்கு வைத்த மாதிரி. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

“வேதத்துக்க அருமை தெரிஞ்சவ இத விப்பாளா?” என்றார் டீச்சரம்மா. இப்போதும் மாமியைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துத்தான் கேட்டார்.

“வேதம்னு ஆரும் சொல்லலியேம்மா. பழைய தாளுன்னுதானே தந்திய.”

“சொல்லணுமா? சபைக்குத் தந்தா சபையில இருக்கும்னுதான் தந்தோம்.”

“எங்க வைக்கதுக்கு?”

அந்தக் கேள்வியைக் கேட்டதும் கோபம் இன்னும் ஏறியது. பின்தாழ்வாரத்தைப் பூட்டச் சொன்னார்கள். ஞானஸ்நானம் இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். போதகர் நல்ல மனிதர்தான். ஆனால் ஞானத்தாய் இல்லாமல் அவர் மட்டும் என்ன செய்வார்? மாமா வெளியே வேப்பமரத்தடியில் தலை குனிந்து நின்றார். மாமி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. என் அம்மாதான் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

“மைனி, அழுததெல்லாம் போதும்” என்றாள் மாமி. “டீக்கடைக்குப் போவணும். அவரு எல்லாத்தையும் பஜ்ஜி போட்டு முடிக்கதுக்குள்ள.”

டீக்கடைக்காரர் கம்பியோடு கழற்றிக் கொடுத்தார். பிறகு ஆக்கர் கடை. மாமி விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெரியவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

“வேத எழுத்தா? முன்னமே சொல்லப்பிடாதா மோளே? எழுத்துள்ள தாள நாங்களும் மிதிக்க மாட்டோமே. பேப்பர் மில்லுக்கு லோடு இன்னும் போவல. எல்லாம் உள்ளதான் கெடக்கு.”

அவரே சைக்கிளில் கட்டி, மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, திரும்பத் திரும்ப நடந்து கொண்டுவந்து சேர்த்தார். எங்கே சேர்த்தார் என்று நினைக்கிறீர்கள்? டீச்சரம்மா வீட்டு முற்றத்தில். மாமி அங்கேதான் இறக்கச் சொன்னாள். கூட நின்ற நான் மாமியின் சேலைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன், நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டியவள் நான்தானே.

டீச்சரம்மா வெளியே வந்து பார்த்தார். முற்றம் முழுக்கச் சாக்கு.

“எல்லாம் வந்தாச்சும்மா. பஜ்ஜிக்குப் போனது போவ மிச்சம் ஒக்க இருக்கு” என்றாள் மாமி. “தப்பு எனக்கதுதான். இனி என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க. எரிக்கட்டா?”

“சே.”

“புதைக்கட்டா?”

“மழையில மேல வந்திராதா?”

“கெணத்துல போடட்டா?”

“குடிக்கிற வெள்ளம்லா.”

“அப்ப கரைக்கட்டா? எழுத்து கரைஞ்சிட்டா அப்புறம் பாவமில்லல்லா? ஆனா தாளு வெளிய போவாது. சபையிலயே இருக்கும்.”

டீச்சரம்மா முதல்முறையாக மாமியை நேராகப் பார்த்தார். “கரைச்சா வெறும் கூழு. அத வச்சு என்ன செய்வ?” என்று கேட்டார். பிறகு அவரே, பழைய ஞாபகம் ஏதோ வந்தவராக, “வெந்தயம் போட்டு அரைச்சுப் பானை மேல அப்பினா பெட்டியாவும். எங்க அம்மை செய்வா. அவலு போட்டு வைப்பா” என்றார்.

மண்டபத்துப் பூட்டு திறந்தது. அசனம் என்கிற சபை விருந்துக்குச் சமைக்கிற கொட்டகையில் அண்டாக்களில் தண்ணீர் நிறைத்து வசனத்தாளை ஊறப்போட்டார்கள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மாமியைத் தனியாக வசனத்தோடு விட ஊருக்குப் பயம். இவள் மறுபடியும் எங்கேயாவது விற்றுவிட்டால்? அதனால் முறைபோட்டுக் காவலுக்கு வந்தார்கள். காவலுக்கு வந்தவள் சும்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாள்? ஒருத்தி தாளைக் கிழித்துக் கொடுத்தாள். ஒருத்தி, நீ அரைக்கிற லட்சணம் இதுதானா என்று ஆட்டுரலைப் பிடுங்கிக்கொண்டாள். இடுப்பு வலிக்காரி குழவியைச் சுற்றிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

எழுத்து கரைந்து தண்ணீர் கருநீலமாயிற்று. ஊறிய வெந்தயத்தின் கசப்பு வாசனை ஆலயம் வரைக்கும் வந்தது. மாமி முதலில் அப்பிய பெட்டி காய்வதற்குள் வழிந்து உட்கார்ந்துவிட்டது, மழையில் நனைந்த தொப்பி போல. ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டீச்சரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “தள்ளு அங்க” என்று வளையலை மேலே ஏற்றிக்கொண்டு கூழில் கைவிட்டார். கவிழ்த்த பானைமேல் ஈரத்துணி சுற்றி, கூழைக் கையால் தட்டித் தட்டி ஒரே கனமாய்ப் பரப்பிக் காட்டினார். எங்கள் தலைமையாசிரியை முழங்கை வரை சாம்பல் நிறத்தில் இருப்பதைப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றோம்.

கார்த்திகை வெயில் போதாமல் அடுப்புக்கு மேலே கம்பு கட்டி உலர்த்தினார்கள். பானையிலிருந்து கழன்று வந்த பெட்டிகளின் பக்கங்களில் கரையாத எழுத்து அங்கங்கே தெரியும். ஒரு ‘க’, ஒரு ‘ஆமென்’. மேலே புளியங்கொட்டைப் பசை பூசினார்கள். வீட்டுக்கொன்று கிடைத்தது. பிடியரிசியை அதிலேயே போட்டு வைத்தார்கள். எங்கள் வீட்டுப் பெட்டியை நான் கல்லூரி படிக்கும்போது எலி தின்றது. இன்றைக்கு ஒன்றுகூட மிச்சமில்லை, யாரிடமாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அப்படி உட்கார்ந்து அரைத்த நாட்களில்தான் மாமி அவர்களிடம் கவரைப் பற்றியும் பேசியிருக்கிறாள். உபதேசமெல்லாம் இல்லை. அப்பன் வலையைப் பற்றி, வயிற்றைக் கீறினால் கவர் வந்த ஆமையைப் பற்றி, வெந்நீர் வைக்கக் கவரை எரித்து இருமிக் கிடந்த பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி. அடுத்த பிடியரிசி ஞாயிறில் கவர்கள் கழுவிக் காய்ந்து, நாலாய் மடித்து வந்தன. ஊரில் எல்லாக் கொடியிலும் கவர் தொங்கியது. கடைக்குத் துணிப்பை கொண்டு போகாதவளைப் பார்த்து மற்றவள் சிரித்தாள். கார்த்திகைக் கடைசியில் இன்னொரு பெருமழை வந்தது. குடைக்காரர்கள் பாலத்தில் போய் நின்றார்கள். தண்ணீர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாதாட ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தார்கள்.

இன்று பஞ்சாயத்து வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது, பச்சை வாளி தனி, நீல வாளி தனி. நல்லதுதான். மாமிக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது, இன்னும் பால் கவரைக் கழுவித்தான் போடுகிறாள். விருது, பொன்னாடை என்று ஒன்றும் அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. தாளும் கவரும் எங்கே போகின்றன என்று நான் வாழ்க்கையில் ஒரு நாளாவது யோசித்தேன் என்றால் அது அவளால்தான். அதை உரக்கச் சொல்ல எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு. மாமி யாரிடமும் மறுபடி கேட்கவில்லை. கூழ் அரைக்க வந்தவர்களிடம் அதைக் கூலியாகக் கேட்க அவளுக்கு மனமில்லை. ஞானத்தாய் இல்லாவிட்டாலும் ஒரு ஜெபமாவது பண்ணச் சொல்லுவோம் என்று மாமாவும் அவளும் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா என் கையை நசுக்கிவிடுகிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள். போதகர் ஞானஸ்நானத் தொட்டியருகே வந்து, பிள்ளையை ஏந்துகிறவர்கள் முன்னால் வரலாம் என்று, யாரையும் பார்க்காமல், கூச்சத்தோடு சொன்னார்.

ஒரு பெஞ்ச் கிறீச்சிட்டது. இடுப்பு வலிக்காரி எழுந்து நின்றாள். அவளுக்கு முன்வரிசையில் இன்னொருத்தி எழுந்தாள், மருமகள் பிரசவத்தைச் சொன்னவள். அந்தப் பக்கம் ஒருத்தி. இவள் எதற்கு எழுந்தாள் என்கிற மாதிரி ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டார்கள். போதகர் குழம்பிப் போய், “ஒரு ஆளு போதும்” என்றார்.

முதல் பெஞ்சிலிருந்து டீச்சரம்மா எழுந்தார். மற்றவர்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், பள்ளிக்கூடப் பழக்கம். அவர் பீடத்துக்குப் போகவில்லை. நடுவழியே கடைசி பெஞ்ச் வரைக்கும் நடந்து வந்து மாமியின் முன்னால் நின்று, இரண்டு கையையும் நீட்டினார்.

“ஏட்டி, தா பிள்ளைய. கையில வெந்தய நாத்தம் இன்னும் போவல. அழுதா நீதான் பாத்துக்கணும்.”

பிள்ளை அழவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மாமிதான், அத்தனை சபையும் திரும்பிப் பார்க்க, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.